அவர் புள்ளடி போடத்தான் சொன்னார்

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் பாலர் பாடசாலையின் நடையில் குந்தியிருந்து, ஒரு குழந்தைக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. ஊரில் போர் உச்சத்தில் நிற்கும் இந்த மாதங்களில் ஒஸ்லோவின் தமிழ் வீடுகளில் தொலைபேசி அடித்தால் எல்லோர் மனத்திலும் ஒரே கேள்விதான்: ஊரில் யார்? வன்னியிலிருந்து இன்னொரு சாவுச்செய்தி என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டுதான் எடுத்தேன். என் கணவர் பேசினார். "கௌரி, நடேசன் அண்ணை போயிட்டாராம். விடியக்காலமை நெஞ்சு நோகுதெண்டவராம். அம்புலன்ஸ் வரமுன்னமே முடிஞ்சுதாம்." ஒரு கால் சப்பாத்தோடும் மற்றக் கால் காலுறையோடும் நின்ற குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்றச் சப்பாத்தைத் தானே மாட்டப் பார்த்தது.

இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். ரீ-பான என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் நகர ரயிலை ஓட்டியவர். ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் தோற்றவர். எனக்கு அவர் போட்டியாளர். அவர் ஒரு கட்சி, நான் அதற்கு நேரெதிர்க் கட்சி. ஒரே சனத்திடம், ஸ்டோவ்னர் புறநகரின் ஒரே மாடிப்படிகளில் ஏறி இறங்கி, ஆளுக்காள் போட்டியாக வாக்குக் கேட்டிருக்கிறோம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது குறைவு. எங்கே கண்டாலும் "என்ன எதிர்க்கட்சி, சுகமோ?" என்பார். என் பிள்ளைகளிடம்கூட "எதிர்க்கட்சி வீட்டிலை நிக்கிறாவோ?" என்றுதான் கேட்பார்.

இறுதிக் கிரியை நாளன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. பேசியவர்கள் எல்லோரும் நல்லதாகத்தான் பேசினார்கள். அவர்களில் ஒருவர், கூட்டத்தின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த நினைத்தாரோ என்னவோ, "எங்கடை நடேசன் அண்ணைக்குத் தங்கமான மனம். வாக்குச்சீட்டை எப்பிடி நிரப்பிறதெண்டு விளங்கப்படுத்தத்தான் தெரியாது" என்றார். அழுதுகொண்டிருந்த முகங்களில் மெல்லிய சிரிப்பு ஒன்று ஓடியது. வன்மமான சிரிப்பு அல்ல, அன்பான சிரிப்புத்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழும்பிக் கத்தியிருப்பேன். முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி சரசக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் இருந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்ல வேண்டும்.

தேர்தல் காலத்தில் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் வாசலில் எல்லாக் கட்சிகளும் கூடாரம் போடும். கோப்பி கொடுப்பார்கள், வாஃபிள் சுட்டுக் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்கு ஊதுபை கொடுப்பார்கள். எங்கள் கூடாரமும் அவர்களுடையதும் எதிரெதிரே. நடேசன் அண்ணை தன் கட்சி மேலங்கியோடு நேரே எங்கள் கூடாரத்துக்கு வருவார். "உங்கடை கொள்கை சரியில்லை, ஆனால் வாஃபிள் நல்லாயிருக்கு" என்று நோர்வேஜிய மொழியில் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிட்டு, தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிரே நின்று எங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்வார். எங்கள் கட்சிக்காரர்களுக்கு அவரை நிரம்பப் பிடித்திருந்தது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஒருமுறை வேட்பாளர் விவாதம் ஒன்றுக்கு நகரத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஸ்டோவ்னர் நிலையத்தின் படிகளில் நான் ஓடி இறங்கும்போது ரயில் நிற்கிறது. ஓட்டுபவர் அவர்தான். ஜன்னலால் என்னைக் கண்டார், கையைக் காட்டினார், கதவைச் சாத்தினார், போய்விட்டார். அடுத்த ரயிலில் பிந்திப் போய் நான் எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன். மறுநாள் கடையில் கண்டு, "கொஞ்சம் பொறுத்தால் என்ன அண்ணை? நான் எதிர்க்கட்சி எண்டுதானே விட்டிட்டுப் போனனீங்கள்?" என்று சண்டைக்குப் போனேன். "இல்லைப் பிள்ளை. என்ரை மனிசி ஓடி வந்திருந்தாலும் சாத்தித்தான் இருப்பன். உள்ளுக்கை இருக்கிற சனத்துக்கு நான் நேரம் சொல்லியிருக்கிறன்" என்றார். சரசக்கா பக்கத்தில் நின்று, "ஓம், ஒருக்கா என்னையும் விட்டிட்டுப் போனவர்" என்றார்.

வாக்குறுதியிலும் அப்படித்தான். போன இடமெல்லாம் எங்கள் சனம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் வெண்டால் எங்கடை நாட்டுப் பிரச்சினையை அங்கை கதைப்பியளோ?" என்பதுதான். நான் அங்குமில்லாமல் இங்குமில்லாமல் ஏதோ சொல்லித் தப்பிவிடுவேன். அவர் தப்பப் பார்க்கவே மாட்டார். "மாநகரசபையிலை கதைக்கிறது ரயில், பாலர் பாடசாலை, வயசாளியள் இல்லம், பனி அள்ளுறது. அதைத்தான் நான் கதைப்பன். மற்றதுக்கு உங்களோடை ஊர்வலத்திலை நடப்பன். அங்கை ஏலாததை ஏலுமெண்டு சொல்லமாட்டன்." இதனால் அவருக்குக் கெட்டபெயரும் வந்தது. "உந்தாள் வெள்ளையளின்ரை ஆள்" என்று காதுபடவே சொன்னார்கள். அதைக் கேட்டால் முகம் வாடிப்போகும், ஆனால் அடுத்த வீட்டிலும் அதையேதான் சொல்வார்.

இனி அந்தத் தேர்தல்களின் கதை. தொண்ணூற்றொன்பதில் அவருடைய கட்சி அவருக்குப் பட்டியலில் நல்ல இடம் கொடுத்திருந்தது. அந்த நாளில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாநகரசபைக்கான கட்சிப் பட்டியலில் பிடிக்காத வேட்பாளரின் பெயரை வாக்காளர் பேனாவால் வெட்டலாம். வெட்டு அதிகமானால் அந்த வேட்பாளர் கீழே இறங்குவார். நடேசன் அண்ணையின் பெயரைப் பலர் வெட்டியிருந்தார்கள். வெட்டியவர்கள் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அவருடைய கட்சிக்கு வாக்களித்தவர்கள். அந்தத் தமிழ்ப் பெயரை வாசித்திருப்பார்கள், வேறென்ன காரணம்? அவருக்குக் கீழே நின்றவர் சபைக்குப் போனார். அடுத்த வாரமும் அவர் வழக்கம்போல ரயில் ஓட்டினார். "வண்டிக்குள்ளை ஏறுற ஆக்களின்ரை முகத்தைப் பார்க்கக்கூடாதெண்டு பார்ப்பன். ஆனாலும் இவர் வெட்டியிருப்பாரோ, இவ வெட்டியிருப்பாவோ எண்டு யோசனை போகும்" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அடுத்த தேர்தல் இரண்டாயிரத்து மூன்றில் வந்தது. அதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனி வெட்டினாலும் செல்லாது, எந்தப் பெயரையும் அது கீழே இறக்காது. விரும்பிய பெயருக்குப் பக்கத்தில், பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டால் மட்டும்தான் அந்த வேட்பாளருக்குத் தனி வாக்கு. நடேசன் அண்ணைக்கு இந்த முறை பட்டியலில் விளிம்பில்தான் இடம். புள்ளடிகள் விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. எங்கள் சனம் ஸ்டோவ்னரிலும் மோர்டென்ஸ்ருட்டிலும் நிறைய இருந்தது. எல்லோரும் போட்டால் போதும். நான் என் கட்சிப் பட்டியலின் அடியில், இடத்தை நிரப்புவதற்காக நின்றவள். எனக்கு வெல்லும் யோசனையே இல்லை.

தேர்தலுக்கு முன் தமிழ்ச் சனத்துக்கு விளக்கக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். நான் முதலில் பேசிவிட்டு இரண்டாம் வரிசையில் போய் இருந்தேன். அவர் பெரிய மட்டையில் வாக்குச்சீட்டை அப்படியே கீறிக்கொண்டு வந்திருந்தார். "ஒருத்தற்றை பேரையும் வெட்டாதையுங்கோ. வெட்டினால் எண்ணுப்படாது. என்ரை பேருக்குப் பக்கத்திலை ஒரு புள்ளடி. அவ்வளவுதான்" என்றார். மட்டையில் போட்டும் காட்டினார். திரும்பவும் சொன்னார். முன்னால் இருந்தவர்களில் சிலரை எழுப்பி, போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் யாரோ, "முந்தி ஏன் அண்ணை தோத்தனீங்கள்?" என்று கேட்டார்கள். அவர் தொண்ணூற்றொன்பதின் கதையைச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மண்டபம் முழுவதும் அவரோடு சேர்ந்து கலங்கியது.

அதற்குப் பின் நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சாவு, ஊர்வலம், ஆபத்து என்று எது வந்தாலும் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் செய்தி ஓடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேர்தலுக்குச் சில நாள் முன்னர் அந்த வழியில் ஒரு செய்தி ஓடியது. எனக்கும் வந்தது. "தங்கச்சி, அவங்கள் எங்கடை ஆளின்ரை பேரை வெட்டினவங்கள். இந்த முறை நாங்கள் அவங்கள் எல்லாற்றை பேரையும் வெட்டுவம். நடேசன்ரை பேரை மட்டும் விடுவம்." யார் தொடக்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பதறிப்போய், "ஐயோ, வெட்டக்கூடாது, புள்ளடி போடுங்கோ" என்றேன். "நீர் எதிர்க்கட்சி, அப்பிடித்தானே சொல்லுவீர்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

உடனே நடேசன் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். அவர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்தார். "வெட்டாதையுங்கோ" என்று கெஞ்சினார். எல்லோரும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை. மனிதர் கட்சிக்குப் பயந்து சொல்கிறார், உள்ளுக்குள் வெட்டுவதுதான் அவருக்கு ஆசை என்று நினைத்தார்கள். நம்முடைய வீடுகளில் சாப்பிட வந்தவர் "போதும், வேண்டாம்" என்றால் நாங்கள் அகப்பையை நிறுத்துவதில்லை. அவர் கூச்சப்படுகிறார் என்று இன்னொரு கரண்டி போடுவோம். அவருடைய "வேண்டாம்" என்ற சொல்லையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு வந்தபோது அவர் வெளியே நின்றார். கொஞ்சப் புள்ளடிகள் விழுந்திருந்தன. போதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் கூடியவர்களின் கோபத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. "எங்கடை வாக்கை எண்ணேல்லை." "கறுத்தாக்களின்ரை வாக்கைக் குப்பையிலை போட்டிட்டாங்கள்." "பத்திரிகைக்குப் போவம்." "இனி இந்த நாட்டிலை ஒருத்தரும் வாக்குப் போடக்கூடாது." நடேசன் அண்ணை கட்சியை விட்டு விலக வேண்டும் என்று சிலர் மேசையில் அடித்தார்கள். அப்போது பரிமளம் அக்கா எழும்பினார். அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர், வேலைக்கு முன் நேரம் ஒதுக்கி வாக்களிக்கப் போனவர். "நான் சீவியத்திலை முதல்தரம் வாக்குப் போட்டனான். ஒவ்வொரு பேராய் வடிவாய் வெட்டினனான் தம்பி. உம்மைத் தவிர ஒருத்தரையும் விடேல்லை. கை நொந்துபோச்சு. அதைக்கூட எண்ணாமல் விட்டிட்டாங்களே" என்று அழுதார். சுற்றி இருந்தவர்கள் "ஓம், நானும்", "நாங்களும்" என்றார்கள்.

நடேசன் அண்ணையின் முகம் வெளிறிப்போனது. எவ்வளவு பேர் வெட்டினார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. நான் எழும்பப் போனேன். அவர் என்னைக் கண்டு கையால் இரு என்று காட்டிவிட்டு, முன்னால் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒருத்தரும் எங்களை ஏமாத்தேல்லை. உங்கடை வாக்கு எல்லாம் கட்சிக்கு எண்ணுப்பட்டிருக்கு. வெட்டினது செல்லாதெண்டு புதுச் சட்டம். அதை நான்தான் பிழையாய் விளங்கிக்கொண்டு உங்களுக்குப் பிழையாய்ச் சொல்லித் தந்திட்டன். உங்களிலை ஒரு பிழையுமில்லை. பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பிறகு ஒருவர் சத்தமாகவே, "தன்ரை தேர்தலே தெரியாதவர் எங்களுக்கு என்னத்தைப் பிடுங்கப் போறார்?" என்றார். கூட்டம் கலைந்தது. பத்திரிகைக்கு ஒருவரும் போகவில்லை.

நிலைய மேடையில் ரயிலுக்கு நிற்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்? நீங்கள் சரியாத்தானே சொன்னனீங்கள், நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்தரம் வாக்குப் போட்ட சனம், கௌரி. பிழை தங்கடை எண்டு தெரிஞ்சால் வெக்கத்திலை இனி வராயினம். பிழை இந்த நாட்டின்ரை எண்டு நினைச்சாலும் வராயினம். பிழை என்ரை எண்டால் என்னைத் திட்டிப்போட்டு அடுத்தமுறை வருவினம்." அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததைக் கவனித்தேன். பிறகு, தனக்கே சொல்வதுபோல, "வெட்டின கதையை நான்தானே சொன்னனான். அழுதும் போட்டன். சனம் அழுகையைத்தான் வீட்டை கொண்டுபோகும். புள்ளடியைக் கொண்டுபோகாது" என்றார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்றார். "நான் எதிர்க்கட்சி, உங்கடை சொல்லைக் கேக்கத் தேவையில்லை" என்றேன். "எனக்கு எதிராய் இரு. இந்தச் சனத்துக்கு எதிராய் இராதை" என்றார். ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்று நான் அவருக்குச் சத்தியம் செய்யவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அவர் நிற்கவில்லை. கட்சியில் கேட்டார்கள், மறுத்துவிட்டார். ஆனால் அந்தக் கோடை முழுவதும் அதே மட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். தன் கட்சிக்காரர், வேறு கட்சிக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு நிரப்பக் காட்டிக்கொடுத்தார். "அப்ப என்ரை பேருக்குப் புள்ளடி போடச் சொல்லுங்கோவன்" என்று கேட்டுப் பார்த்தேன். "அது மட்டும் நடக்காது. கட்சி கட்சிதான்" என்றார். ஒரு வீட்டில் நானும் அவரும் ஒரே நேரத்தில் அகப்பட்டுக்கொண்டோம். அது பரிமளம் அக்காவின் வீடு. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தமுறையெண்டாலும் வடிவாய்ப் படிச்சிட்டு வந்தனீரோ தம்பி? போனமுறை மாதிரி எங்களைக் கவிழ்த்துப்போடாதையும்" என்றார். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்து, "ஓம் அக்கா, இந்தமுறை பாடமாக்கிக்கொண்டு வந்தனான்" என்றார். தேத்தண்ணீரைக் குடிக்காமல் நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். அக்கா அந்த முறை போனார், புள்ளடி போட்டார். நீங்களும் போனீர்கள்.

அவர் கொடுத்த விலை சிறியதல்ல. மனிதருக்கு இருந்த ஒரே பெருமை, தான் சொன்னால் சொன்னது சரியாக இருக்கும் என்பது. ரயிலின் நேரமானாலும் சபையின் அதிகாரமானாலும் ஒரு சொல் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவர். அவரை எல்லோரும், விளங்கப்படுத்தத் தெரியாதவர் என்று பகிடி பண்ணினோம். கூட்டங்களில் அவர் பேச எழும்பினால், "அண்ணை, புள்ளடியோ வெட்டோ?" என்று பின்னாலிருந்து குரல் வரும். நாளடைவில் அவர் எழும்புவதையே குறைத்துக்கொண்டார். கடைசியாக நான் அவரைக் கண்டது போன மாதம், போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் பனியில் நின்ற ஒரு நாள். முன்வரிசைக்கு வராமல் ஓரத்தில் நின்றார். "ஊர்வலத்திலை நடப்பன் எண்டு சொன்னனான்தானே எதிர்க்கட்சி" என்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று சரசக்காவின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். "அண்டைக்கு மண்டபத்திலை சிரிச்சவை, பாத்தனீர்தானே" என்றார். "எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறக்கமாட்டன் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். உம்மட்டை வாங்கினவரோ?" இல்லை என்றேன். "அப்ப ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு, ஈரப் பாத்திரங்களைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

ஆகவே சொல்கிறேன். பரிமளம் அக்காவுக்கும், அன்று அவரோடு சேர்ந்து "நானும்" என்று சொன்ன எல்லோருக்கும். நீங்கள் வெட்டியது அவர்மேல் இருந்த அன்பினால்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் எப்படியும் எதிர்க்கட்சிதான். அவர் உங்களை ஒரு முறை ஒரு பொய்யால் காப்பாற்றினார். அந்தப் பொய்யை அவர் தலையில் வைத்தபடியே அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். இனி அப்படி என்னை அழைக்க ஒருவரும் இல்லை, ஆனாலும் அதை நான் வைத்துக்கொள்கிறேன். எதிர்க்கட்சியின் வேலை பிழை பிடிப்பது. அன்றைய விளக்கக் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் நான் அதற்காகத்தான் இருந்தேன். மட்டையில் அவர் கீறியதை உற்றுப் பார்த்தேன், வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒரு பிழை அகப்பட்டால் எழும்பிக் கேட்போம் என்று காத்திருந்தேன். கடைசிவரை எனக்கு எழும்ப வேண்டி வரவில்லை.